நடைவண்டியும் கோல்ப் மட்டையும்



குழந்தை நடை பயில்வதற்கு நம் முன்னோர் நடைவண்டி என்னும் மரப்பொருளைக் கண்டனர். மூன்று சிறு சக்கரங்கள். பிடித்துக்கொள்ள ஒரு சட்டம். அவ்வளவே அதன் அமைப்பு. தத்தித் தடுமாறும் பிள்ளை அதைத் தள்ளிக்கொண்டே கூடத்தையும் தாழ்வாரத்தையும் சுற்றி வரும். சில திங்கள் கழிந்தபின் வண்டியை விட்டுவிட்டு ஓடும். வண்டி பரணுக்குப் போய்விடும். தான் தேவைப்படாத நாளை விரைவில் கொணர்வதே நல்ல நடைவண்டியின் வேலை. இந்த எளிய உண்மையை மறந்ததனால் நாங்கள் பட்ட பாட்டையும், பின்னர்த் தெளிந்த வகையையும் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். நாம் எடுத்துக்கொண்ட பொருள், கோல்ப் ஆட்டத்தில் மட்டை வீச்சைத் திருத்த உதவும் பயிற்சிக் கருவிகள்.

‘கோல்ப்பா? அது சீமான்களின் ஆட்டமாயிற்றே! நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முற்றும் தவறன்று. ஆயினும், பிழைப்பை நாடி வடக்கேயும் கிழக்கேயும் சென்ற தமிழர் பலர் வாழும் ஊர்களை எண்ணிப் பாருங்கள். கொல்கத்தாவிலுள்ள ராயல் கல்கத்தா கோல்ப் கிளப் 1829-ஆம் ஆண்டில் தோன்றியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மிகப் பழமையான கோல்ப் கழகம் என்னும் பெருமை அதற்கு உண்டு. பெங்களூரில் 1876 முதல் இவ்வாட்டம் நடைபெறுகிறது. டில்லியிலோ, பழைய கல்லறை மண்டபங்களுக்கு நடுவே பந்து உருள்கிறது. எஃகு நகரமாகிய ஜாம்ஷெட்பூரிலும், எண்ணெய் நகரமாகிய அஸ்ஸாமின் திக்பாயிலும் கோல்ப் திடல்கள் உண்டு. அலுவலகத்தின் வாயிலாகவோ, நண்பர் வாயிலாகவோ, ஓய்வு பெற்ற பின்னர் இவ்வாட்டத்தில் கால் வைத்த தமிழர் இவ்வூர்களில் ஆங்காங்கே இருக்கின்றனர். கொல்கத்தாவில் வாழும் நாங்கள் நால்வரும் அவ்வகையினரே.

முதலில் இவ்வாட்டத்தின் கடினம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். கிரிக்கெட்டில் பந்து பாய்ந்து வருகிறது, டென்னிஸிலும் அவ்வாறே. கோல்ப்பில் பந்து அசையாமல் காத்திருக்கிறது. நிற்கும் பந்தை அடிப்பதில் என்ன அருமை என்று நாங்களும் தொடக்கத்தில் நகைத்தவர்களே. பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது; எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது என்பது விதி. ஏறத்தாழ ஒரு பெரிய எலுமிச்சம்பழம் என்று கொள்ளலாம். அதனை அடிக்கும் மட்டையின் தலையோ, ஒரு சாதாரண ஆட்டக்காரர் கையிலேயே மணிக்கு 140 கிலோமீட்டர் அளவு வேகத்தில் வருகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியை இரண்டாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு. அந்நேரத்தில் எண்ணித் திருத்துதல் எவர்க்கும் இயலாது. பந்து தன் வழியிலிருந்து ஒரே ஒரு பாகை விலகினாலும், 200 மீட்டர் செல்வதற்குள் குறியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும். ஐந்து பாகை விலகினால் பந்து புதரில்தான்.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நம் உடல் செய்வதாக நாம் உணர்வது வேறு. அது உண்மையில் செய்வது வேறு. ‘கையை நேராகத்தான் கொண்டு வந்தேன்’ என்று உறுதியாகச் சொல்வோம். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்தால், விறகு பிளப்பவர்போல மட்டையை வெளியே வீசி உள்ளே இழுத்திருப்போம். தன் முதுகைத் தானே காண இயலாததுபோலத் தன் வீச்சையும் தானே காண இயலாது. அக்குறையை நிரப்புவதற்கே பயிற்சிக் கருவிகள் பிறந்தன.

அவற்றை நாம் இரண்டு இனமாகப் பிரிக்கலாம். ஒன்று, பிழையைச் சொல்லும் கருவி. மற்றொன்று, பிழை செய்ய விடாமல் பிடித்து நிறுத்தும் கருவி.

சொல்லும் கருவிகளில் மிக எளியது தரையில் இடும் இரண்டு கோல்கள். ஒரு கோல் பந்திலிருந்து இலக்கு நோக்கும் திசையைக் காட்டும். மற்றொன்று அதற்கு இணையாக நம் பாதங்களின் முன்னே கிடக்கும். தண்டவாளத்தின் இரு கம்பிகளை நினைத்துக்கொண்டால் போதும். வலப்புறம் திரும்பி நின்றுகொண்டே, பந்து இடப்புறம் போகவில்லையே என்று வருந்துவோர் பலர். அவர்களது நோய்க்கு இவ்விரு கோல்களே மருந்து. அடுத்தது, அக்குளில் இடுக்கிக்கொள்ளும் துண்டு. கைகள் மார்பை விட்டுத் தனியே பறந்தால் துண்டு கீழே விழும். உடலோடு ஒன்றித் திரும்பினால் விழாது. மூன்றாவது, தண்டின் நடுவே கீல் பொருத்திய மட்டை. வீச்சில் அவசரமோ வெட்டி இழுத்தலோ நேர்ந்தால் அது கீலிடத்தில் மடிந்துவிடும். இம்மூன்றும் நம் கையைப் பிடிப்பதில்லை. பிழை நேர்ந்த கணத்தில் ‘இதோ பிழை’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

பிடித்து நிறுத்தும் கருவிகளோ வேறு இயல்பின. மணிக்கட்டு மடங்காமல் கட்டிவைக்கும் பட்டையும், சாய்வாக நிறுத்திய பெரிய வளையமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. வளையத்தின் நடுவே நின்று, மட்டையின் தண்டு அதன்மேல் படியுமாறு சுழற்ற வேண்டும். தவறான வழியில் செல்ல நினைத்தாலும் வளையம் விடாது.

எங்களுள் மூத்தவரை நாங்கள் ‘அண்ணா’ என்றே அழைப்போம். அகவை அறுபத்தைந்து. அவர் துணைவியார் மறைந்து ஓராண்டே ஆகியிருந்தது. பிள்ளைகள் அயல்நாட்டில் இருந்தனர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்களோடு திடலில் நடக்கும் நான்கு மணி நேரமே அவர் வாய்விட்டுத் தமிழ் பேசும் நேரம். அவர் அடிக்கும் பந்து நேரே புறப்பட்டு, வாழைப்பழம்போல வலப்புறம் வளைந்து மரங்களுக்குள் சென்று மறையும். பெரும்பாலான புதியவர்களுக்கு உள்ள நோய்தான் அது. மட்டை வெளியிலிருந்து உள்ளே குறுக்காக வந்து, அதன் முகமும் வலப்புறம் திறந்திருந்தால் பந்து அவ்வாறு சுழன்று வளையும்.

அண்ணா ஒரு வளையத்தை விலைக்கு வாங்கினார். மொட்டைமாடியில் அதனை நிறுத்தியபோது, வடாம் காய வைப்பதற்கா, துணி உலர்த்துவதற்கா என்று அண்டை வீட்டு வங்காளி அம்மையார் வினவினாராம். மூன்று திங்கள், நாள்தோறும் காலையில் நூறு வீச்சு, மாலையில் நூறு வீச்சு. நாங்கள் சென்று பார்த்தோம், வியந்தோம். வளையத்துக்குள் அவர் வீச்சு கோயில் தேர் நிலைக்கு வருவதுபோல ஒழுங்காக இருந்தது. ‘அண்ணா, இனி உங்களை வெல்ல எங்களால் ஆகாது’ என்றோம். அவரைப் பழிப்பதற்கு எங்களுக்கு உரிமை இல்லை. அந்த நம்பிக்கையை வளர்த்தவர்கள் நாங்களே.

தைப் பொங்கலை அடுத்த ஞாயிறன்று ஓய்வு பெற்றவர்களுக்கெனச் சிறு போட்டி ஒன்று நடந்தது. பலர் கூடியிருந்தனர். அண்ணாவின் முதற்பந்து வலப்புற மரங்களுக்குள் சென்றது. இரண்டாவது பந்தும் அங்கேயே சென்றது. மூன்றாவது பந்து குளத்தில் விழுந்தது. மூன்று குழிகள் முடிவதற்குள் அவர் மட்டையைப் பையில் இட்டுவிட்டு மர நிழலில் அமர்ந்துவிட்டார். ‘வயதாகிவிட்டது, தம்பி. இந்த உடம்பில் இனி ஒன்றும் ஏறாது’ என்றார். அதன்பின் ஆறு வாரம் அவர் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால், ‘முழங்கால் வலி’ என்பார். வலி முழங்காலில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

இவ்விடத்தில் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திடலில் ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டுபவரைக் ‘கேடி’ என்பர். வங்காளத்தில் மூத்தவரை மரியாதையாகத் ‘தாதா’ என்பர். அண்ணன் என்பது பொருள். ஆகவே கேடி ஒருவரைத் தாதா என்றழைத்துக்கொண்டு நாங்கள் ஞாயிறுதோறும் சுற்றி வந்தோம் எனின், சென்னையிலுள்ள உறவினர் எங்களைப் பற்றி என்ன நினைப்பரோ! அத்தாதா நாற்பதாண்டுக் காலம் பிறர் வீச்சுகளைப் பார்த்தவர். அண்ணா வராத காரணத்தை அவரிடம் சொன்னோம். ‘அந்தப் பெரியவர் வளையத்தின்மேல் சாய்ந்து பழகிவிட்டார். சாய்வதற்கு இங்கே வளையம் இல்லை. அவருக்கு ஒன்றும் குறைவில்லை. வளையத்தை விட்டு வெளியே வரும் பயிற்சியை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை’ என்றார்.

தாதா அனுபவத்தில் கண்டதை அறிஞர் ஆராய்ச்சியிலும் கண்டுள்ளனர். சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்னும் மூவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையில் பெயர் பெற்றது. ஒருவர் ஒரு தொழிலைப் பயிலும்போது ஒவ்வொரு முறையும் அவருக்கு வழிகாட்டிக்கொண்டே இருந்தால், அப்போது அவர் செயல் செம்மையாக இருக்கும். வழிகாட்டுதலை நிறுத்தியவுடன் செம்மையும் குலைந்துவிடும். ஏனெனில் தன் பிழையைத் தானே உணர்ந்து திருத்தும் ஆற்றல் அவருள் வளரவே இல்லை. உதவியை இடைவிட்டு அளிக்கும்போது, பயிற்சியில் தடுமாற்றம் சற்று மிகுந்தாலும் கற்றது நிலைக்கிறது. இதுவே அவர்கள் கருத்தின் சாரம்.

இரண்டாவது செய்தியும் உண்டு. காப்ரியேல் வுல்ஃப் என்னும் அறிஞரும் அவர் துணைவர்களும் 1999-இல் கோல்ப்பையே வைத்து ஓர் ஆய்வு செய்தனர். புதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் ‘உங்கள் கைகளின் அசைவைக் கவனியுங்கள்’ என்றனர். மற்றப் பிரிவினரிடம் ‘மட்டையின் அசைவைக் கவனியுங்கள்’ என்றனர். மட்டையைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றனர். மறுநாள் சோதித்தபோதும் அவர்களே மேம்பட்டிருந்தனர். முழங்கையையும் மணிக்கட்டையும் எண்ணிக்கொண்டே அடிப்பவன், தன் கால்களை எண்ணிக்கொண்டே படி இறங்குபவனைப்போல இடறுவான் என்பது இதனால் விளங்கும்.

ஆட்ட விதிகளும் இவ்வுண்மையை ஒட்டியே அமைந்துள்ளன. பயிற்சித் திடலில் எக்கருவியையும் கையாளலாம். ஆட்டம் தொடங்கிய பின்னர்த் திசை காட்டும் கோலையோ, மட்டையில் மாட்டும் எடை வளையத்தையோ பயன்படுத்தி வீசிப் பார்த்தல் குற்றம். 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க வீராங்கனை ஜூலி இங்க்ஸ்டர் ஒரு போட்டியின் நடுவே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. உடல் விறைக்காமல் இருப்பதற்காக எடை வளையம் மாட்டிய மட்டையை வீசிப் பார்த்தார். அதற்காக அவர் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டார். அப்போது அவர் அகவை ஐம்பது. பல பெரும் பட்டங்களை வென்றவர். 2016-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி முதன்முறைக்குத் தண்டம் மட்டுமே, மறுமுறை நீக்கம்.

எடை மட்டையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கனமான மட்டையை வீசியபின் சாதாரண மட்டை இலேசாகத் தோன்றும். வேகம் கூடியதுபோன்ற எண்ணமும் வரும். பேஸ்பால் ஆட்டத்தில் செய்த சோதனைகளோ, உணர்வில் கூடிய வேகம் உண்மையில் கூடவில்லை எனக் காட்டின. கோல்ப் ஆடுவோரை மிகுதியாக வாட்டுவது இடுப்பும் முதுகும் பற்றிய வலி. ஆகவே முதியவர்கள் எடை மட்டையை அணுகுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இனி, நாங்கள் அண்ணாவுக்காகத் தாதாவின் துணையோடு வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறோம். உங்களுள் எவர்க்கேனும் பயன்படலாம்.

முதலாவது, ஒரு பிழைக்கு ஒரு கருவி. கைப்பேசியில் பின்புறமிருந்தும் முன்புறமிருந்தும் வீச்சைப் படமெடுத்து, முதன்மையான பிழை எது எனத் தெளிந்த பின்னரே கருவியைத் தேட வேண்டும். விளம்பரத்தைப் பார்த்துக் கருவியை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கேற்ற பிழையைத் தேடுதல் தலைகீழ் வழக்கம்.

இரண்டாவது, அரை வீச்சில் தொடங்குக. மட்டை இடுப்பளவு உயர்ந்தால் போதும். மெதுவாகச் செய்ய இயலாததை விரைவாகச் செய்தல் இயலாது.

மூன்றாவது, கருவியை நாளும் குறைத்து வருக. முதல் வாரம், கருவியுடன் ஐந்து வீச்சு, கருவி இன்றி ஐந்து பந்து. அடுத்த வாரம், மூன்றும் ஏழும். மூன்றாம் வாரம், ஒன்றும் ஒன்பதும். நான்காம் வாரத்தில் கருவி வீட்டிலேயே இருக்கட்டும். பந்து கோணலாகப் போகும், போகட்டும். ஏன் போயிற்று என்று நாமே எண்ணிப் பார்க்கும் அக்கணத்தில்தான் கல்வி நிகழ்கிறது.

நான்காவது, செலவில்லாத கருவிகளை மறவாதீர். அமெரிக்க வீரர் பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட நூலில், பந்திலிருந்து தோள்வரை சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடிப் பலகையை மனத்தில் காணச் சொன்னார். பின்னோக்கி வீசும்போது கைகள் அக்கண்ணாடியை உடைக்கலாகாது. அண்ணாவின் வளையத்தின் வேலையில் ஒரு பகுதியை இக்கற்பனைக் கண்ணாடியே செய்துவிடுகிறது.

ஐந்தாவது, தாளம். தேர்ந்த ஆட்டக்காரர் பலரிடம் மட்டை மேலே செல்லும் நேரம், கீழே வரும் நேரத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மேலே முக்கால் வினாடி, கீழே கால் வினாடி எனலாம். இதற்கென ஒலியெழுப்பும் கருவிகளும் விற்கின்றன. நமக்கோ அது வீட்டிலேயே இருக்கிறது. ‘த-க-தி-மி-த’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ‘த’வில் மட்டை புறப்படட்டும், ‘மி’யில் உச்சியை அடையட்டும், அடுத்த ‘த’வில் பந்தைத் தொடட்டும். இடையே மூன்று பங்கு மேலே, ஒரு பங்கு கீழே. பாட்டு வகுப்புக்குப் போகும் பேத்தியைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். இதனை மனத்துக்குள் சொல்லிக்கொள்வதை எந்த விதியும் தடுப்பதில்லை.

இக்கருவிகள் எவையுமின்றிப் பெரும்பேறு அடைந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. டில்லித் திடலில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரருள் அதை வென்ற முதல் இந்தியர் அவர். கொல்கத்தாவில் திடலின் புல்லைப் பேணும் பணியாளரின் மகனாகப் பிறந்த எஸ்.எஸ்.பி. சௌராசியா பிறர் ஆடுவதைக் கண்டு தாமே கற்றவர். 2016-இலும் 2017-இலும் அப்பட்டத்தை வென்றார். அவர்கள் வறுமையை நாம் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கண் கூர்மையும், தன் பிழையைத் தானே ஆராயும் பழக்கமும் கருவிக்கு முந்தியவை என்பதற்காகவே சொல்கிறோம்.

அண்ணாவின் கதையை முடிக்காமல் விட்டால் நீங்கள் எங்களை மன்னிக்கமாட்டீர்கள். ஆறாம் வாரம் நாங்கள் மூவரும் தாதாவை அழைத்துக்கொண்டு அவர் இல்லத்துக்கே சென்றோம். காப்பி கொடுத்தார். ‘வளையத்தை எடுத்துப்போய் யாருக்கேனும் கொடுத்துவிடுங்கள்’ என்றார். தாதா வேண்டாமென்றார். ‘வளையத்துக்குள் ஒரு முறை வீசுங்கள், பின்பு வெளியே வந்து ஒரு முறை வீசுங்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்குச் சொல்லுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்’ என்றார். அண்ணா வீசினார், வெளியே வந்தார், வீசினார். நெடுநேரம் எண்ணியபின், ‘வெளியே வந்தால் வலத்தோள் முந்திக்கொள்கிறது’ என்றார். மூன்று திங்கள் இருநூறு இருநூறாக வீசியும் அவர் அறியாத ஒன்றை அன்று இரண்டே வீச்சில் அறிந்தார்.

மறு ஞாயிறு அவர் திடலுக்கு வந்தார். அவர் பந்து இன்னமும் சில வேளைகளில் வலப்புறம் வளைகிறது. பத்தில் ஆறு நேரே செல்கின்றன. எஞ்சியவற்றுக்குக் காரணம் அவருக்கே தெரிகிறது. அதனால் அவர் சினங்கொள்வதில்லை. நடந்துகொண்டே பழைய கும்பகோணத்துக் கதைகளைச் சொல்கிறார், நாங்கள் கேட்கிறோம். வளையம் மொட்டைமாடியிலேயே நிற்கிறது. அண்டை வீட்டு அம்மையார் ஒரு தொட்டியில் சுரை விதையை ஊன்றி, கொடியை அதன்மேல் ஏற்றிவிட்டிருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் அண்ணா வீட்டிலிருந்து எங்கள் மூவருக்கும் சுரைக்காய் வந்தது.

நேயர்களே, நீங்கள் கோல்ப் ஆடாதவராக இருக்கலாம். ஆயினும் புது ஊரில் புது மொழியையோ, முதிய வயதில் புதுத் தொழிலையோ கற்பவராக இருக்கலாம். எந்தத் துணையைப் பற்றினாலும், அதை எந்நாளில் விடுவது என்பதையும் பற்றும்போதே எண்ணிக்கொள்ளுங்கள். நடைவண்டிக்குப் பரணில் இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகு பிள்ளையின் கையில் கொடுப்போம்.